ஆடிப் பதினெட்டுக்குள் ஒன்பது மெயில் பெட்டிகள்

சிவகாசி
7 ஜூலை 2025, திங்கள்

அன்புள்ள தம்பி ஹரிக்கு,

மதினி யோகேஸ்வரி எழுதுகிறேன். மூன்று வருடம் கழித்து இந்தப் பெயரிலிருந்து மெயில் வந்ததும், யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று பதறாதே. எல்லாரும் சுகம். உன் அண்ணனுக்கு மட்டும் போன மாதம் இடது கண்ணில் புரை எடுத்தார்கள். நல்லபடியாக முடிந்து, இப்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மிஷின்களுக்கு நடுவே சினிமா வில்லன் மாதிரி நடந்துகொண்டிருக்கிறார்.

அவர் என்னிடம் சத்தியம் வாங்கியது உனக்குத் தெரியும். "அவன்கூட இனிமே ஒரு பேச்சு வச்சுக்கிடக் கூடாது" என்றார். பேசக் கூடாது என்றுதான் சொன்னார். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. இந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருடம் ஆகியிருக்கிறது, நான் எவ்வளவு மக்கு என்று பார்த்துக்கொள்.

விஷயம் இதுதான். நம் பத்திரகாளி கலர் பிரிண்டர்ஸின் மெயில்களை வைத்திருக்கும் கம்பெனி, ஆகஸ்டு ஐந்தாம் தேதியோடு கடையை மூடப் போகிறதாம். அதற்குள் எல்லாப் பெட்டிகளையும் வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. நம் டிசைனர் ஜெஸ்லின் புதுக் கம்பெனி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாள். ஆனால் நம் மெயிலின் பெயரே உன் பெயரில்தான் பதிவாகியிருக்கிறதாம். நீ சரி என்று சொன்னால்தான் வழி திரும்புமாம். "ஹரி சாரைக் கேக்காம ஒண்ணும் நடக்காது மேடம்" என்கிறாள்.

ஆடிப் பதினெட்டு ஆகஸ்டு மூன்றாம் தேதி வருகிறது. அன்று புது காலண்டர் மாதிரிகளின் ஆல்பத்தைப் பத்திரகாளியம்மன் முன்னால் வைத்துப் பூஜை போட்டால், மறுநாளே ஆர்டர் வர ஆரம்பிக்கும் என்பதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரத்தில் மெயில் நின்றுபோனால் இந்த சீசன் போச்சு.

செய்வாயா? இன்னொன்று. பழைய மெயில்களை எல்லாம் இழுத்துக்கொண்டு போக வேண்டாம். உன் அண்ணன் பெட்டி தொண்ணூற்றெட்டு சதவீதம் நிறைந்துவிட்டது என்று சிவப்பாகக் காட்டுகிறது. முக்கியமானது எல்லாம் காகிதத்தில்தான் இருக்கிறதே. பழசைக் கழித்துவிட்டுப் புதுசாக ஆரம்பிப்போம்.

எண்ணெய்ப் புரோட்டாவாகத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
மதினி

*

விருதுநகர்
9 ஜூலை 2025

மதினிக்கு வணக்கம்.

உங்கள் மெயிலை நான்கு தடவை படித்தேன். வேலை விஷயத்துக்கு ஒரு தடவை போதும். மற்ற மூன்றும் அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காக.

நான் இங்கே ரயில்வே ஸ்டேஷன் பக்கம், ஒரு வத்தல் கமிஷன் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். கீழே மிளகாய் மூட்டை இறக்கினால் மேலே நானும் தும்முவேன், வந்த கஸ்டமரும் தும்முவார். மற்றபடி வேலை நன்றாகப் போகிறது. நான்கு எண்ணெய்க் கம்பெனிகளுக்கும் இரண்டு பள்ளிக்கூடங்களுக்கும் நான்தான் மெயில் பார்க்கிறேன். புரோட்டா வாரத்துக்கு இரண்டு நாள்தான்.

உங்கள் வேலையைக் கட்டாயம் செய்து தருகிறேன். அந்தப் பெயரைப் பதிவு செய்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அண்ணன், "ஒம் பேர்லயே போடு, நீ என்ன ஓடியா போகப்போறே" என்றார். ஓடிப்போனேன் என்று இப்போது ஊரெல்லாம் சொல்கிறார். போகட்டும்.

எந்தெந்தப் பெட்டிகளை மாற்ற வேண்டும் என்று ஒரு பட்டியல் அனுப்புங்கள். பாஸ்வேர்டும் வேண்டும். அதில் என் பெயரில் இருந்த பெட்டியும் உண்டா என்று மட்டும் சொல்லுங்கள். நீக்கிவிட்டீர்கள் என்றால் நான் வருத்தப்பட மாட்டேன். தெரிந்தால் எண்ணிக்கைக்கு வசதி, அவ்வளவுதான்.

ஆனால் பழையதைக் கழிப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். போன வருடம் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் இப்படித்தான் "பழசு வேண்டாம்" என்றார்கள். இரண்டாவது மாதமே ஒரு பழைய ஆர்டரைத் தேடி என் தலையை உருட்டினார்கள். பெட்டி நிறைந்திருக்கிறது என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம். ஒன்று விடாமல் எடுத்துக்கொண்டு போவோம். புது இடத்தில் இடம் நிறைய.

அண்ணன் கண்ணுக்குச் சொட்டு மருந்து நேரத்துக்கு விடுகிறாரா? மறந்துவிடுவார். நீங்கள்தான் விட வேண்டும்.

ஹரி

*

சிவகாசி
14 ஜூலை 2025

தம்பிக்கு,

சொட்டு மருந்தை நான்தான் விடுகிறேன். விடும்போது குழந்தை மாதிரி முகத்தைச் சுளிக்கிறார். நாலு மிஷினைக் கட்டி மேய்க்கிற மனுஷன் ஒரு சொட்டுத் தண்ணீருக்குப் பயப்படுகிறார்.

பட்டியலும் பாஸ்வேர்டும் தனியாக அனுப்பியிருக்கிறேன். ஆர்டர், புரூஃப், டெஸ்பாட்ச், லேபிள், கணக்கு, ஜெஸ்லின், நான், உன் அண்ணன். எட்டு ஆயிற்று. ஒன்பதாவது உன்னுடையது. அதை யாரும் நீக்கவில்லை. இன்றைக்கும் அதில் பொங்கல் வாழ்த்து, தீபாவளி வாழ்த்து எல்லாம் வருகிறது. பழைய பார்ட்டிகளுக்கு நீ போனதே தெரியாது. அவற்றையும் பிரிண்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார் உன் அண்ணன். எடுத்துக் கொடுத்தால் வழக்கம்போலச் சிவப்புப் பேனாவால் மூலையில் 'பார்த்தேன்' என்று எழுதி, தன் பெயருக்கு 'கா' என்று மட்டும் போட்டு, தேதி போட்டு, தனி ஃபைலில் வைக்கிறார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஃபைலைத் தூக்கிப் போட்டுவிடுவார் என்று பயம்.

ஆனால் அந்தப் பிரிண்ட் எடுக்கும் வழக்கமே இனி இல்லை. கண் ஆபரேஷனுக்குப் பிறகு காகிதத்தில் சின்ன எழுத்து தெரியவில்லையாம். ஜெஸ்லின் தன் போனில் ஒரு மெயிலைத் திறந்து, இரண்டு விரலை வைத்து விரித்துக் காட்டினாள். எழுத்து பெரிதானதைப் பார்த்து அவருக்கு ஒரே குஷி. "இம்புட்டு நாளா எவளும் எங்கிட்ட சொல்லலையே" என்று என்னைப் பார்த்து முறைத்தார். புதுப் பெட்டி வந்ததும் அவர் போனிலேயே எல்லாம் தெரிய வேண்டுமாம். ஆடிப் பதினெட்டுக்கு நல்ல நேரம் பார்த்துத் தொடங்கப் போகிறார்.

அதனால்தான் மறுபடியும் சொல்கிறேன். மற்றவர்கள் பெட்டியை எல்லாம் முழுசாக எடு. அவருடையதில் மட்டும் பழசு வேண்டாம். கண் சரியில்லாத மனுஷனுக்குப் பதினான்கு வருஷத்து மெயிலையும் கொட்டிக் காட்டினால் தலை சுற்றிவிடும். இந்த வருஷத்தது மட்டும் போதும். எனக்காகச் செய்.

மதினி

*

விருதுநகர்
18 ஜூலை 2025

மதினிக்கு,

அந்த வாழ்த்து ஃபைல் விஷயத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை. நாலு நாள் கழித்துத்தான் உங்களுக்குப் பதில் எழுத முடிகிறது.

வேலை எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். முதலில் புதுக் கம்பெனியில் ஒன்பது பெட்டியையும் காலியாகத் திறப்பேன். பிறகு பழையதிலிருந்து ஒவ்வொன்றாக மெயில்களை நகலெடுப்பேன். பழையது அங்கேயும் அப்படியே இருக்கும், ஒன்றும் தொலையாது. ஆடிப் பதினெட்டு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, இனி வருகிற மெயில் எல்லாம் புது விலாசத்துக்குப் போகட்டும் என்று மாற்றுவேன். தபால்காரர்கள் எல்லாருக்கும் புது விலாசம் தெரிய ஒரு நாள் பிடிக்கும். அதுவரை ஒன்றிரண்டு பழைய வீட்டுக்கே போகும், அதையும் பொறுக்கிச் சேர்த்துவிடுவேன். உங்கள் சீசனுக்கு நான் பொறுப்பு.

இப்போது அண்ணன் பெட்டி. மதினி, நீங்கள் கேட்டு நான் மாட்டேன் என்று சொன்னதே கிடையாது. இதில் மட்டும் என்னால் முடியாது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2022 ஆடிப் பதினெட்டு அன்று அண்ணனுக்கு நான் ஒரு மெயில் அனுப்பினேன். நேரில் சொல்ல நாக்கு எழவில்லை. அண்ணன் காகிதத்தைத்தானே நம்புவார், பிரிண்ட் எடுத்து அவர் மேசைக்குப் போனால் நிதானமாகப் படிப்பார் என்று நினைத்தேன். காலண்டர் தொழிலில் மனம் ஒட்டவில்லை, விருதுநகரில் சொந்தமாக கம்ப்யூட்டர் வேலை செய்ய ஆசை, நீங்கள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போக மாட்டேன் என்று எழுதியிருந்தேன். வெள்ளிக்கிழமைவரை பார்ப்பேன், பதில் இல்லையென்றால் போகச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன் என்றும் எழுதியிருந்தேன். பதில் வரவில்லை. சனிக்கிழமை கிளம்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போனில், "சொல்லாம கொள்ளாம ஓடிட்டியேலே" என்றார். மெயில் போட்டேன் என்றேன். "எந்தக் காகிதமும் என் மேசைக்கு வரல, பொய் சொல்லாதே" என்றார். பொய் சொல்வது நீங்கள்தான் என்று நானும் கத்தினேன். அவ்வளவுதான் எங்கள் சண்டை.

உங்களிடம் நான் இதைக் கேட்கவே இல்லை. உங்கள் மேசையைத் தாண்டி ஒரு காகிதம் தொலைந்ததாகச் சரித்திரம் இல்லை. உங்களைக் கேட்டால் நீங்கள் உங்கள் புருஷனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டிவரும். அந்தச் சங்கடம் உங்களுக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த மெயில் இன்னும் அண்ணன் பெட்டியில் இருக்கும். படிக்காத மெயில் தடித்த எழுத்தில் இருக்கும், படித்தது மெல்லிய எழுத்தில் இருக்கும். நகலெடுத்தாலும் அது மாறாது. அதைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். தடித்த எழுத்தில் இருந்தால், மறுநாளே வந்து அண்ணன் காலில் விழுவேன்.

அண்ணன் வேன் திங்களும் வெள்ளியும் இங்கே லேபிள் லோடு இறக்க வருகிறது. என் ஜன்னலுக்குக் கீழேதான் நிற்கும். திரும்பும்போது வண்டி காலியாக வரக் கூடாது என்பதற்காக, போன வாரம் ஒன்றும் கிடைக்காமல் டிரைவர் சங்கையா அண்ணாச்சி ஒரு சிப்பம் துவரம்பருப்பை ஏற்றிக்கொண்டு போனார். அண்ணன் மாறவே இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

ஹரி

*

விருதுநகர்
24 ஜூலை 2025

மதினிக்கு,

ஒன்பது பெட்டியும் நகலெடுத்தாகிவிட்டது. எண்ணிக்கை சரிபார்த்தேன். ஆடிப் பதினெட்டு அன்று வழி மாற்றுவதுதான் பாக்கி.

அந்த மெயில் இருக்கிறது. மெல்லிய எழுத்தில் இருக்கிறது. அப்படியென்றால் திறந்து படித்திருக்கிறார்கள்.

அண்ணன் படித்திருக்கிறார். படித்துவிட்டு, வரவில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். மூன்று வருடம் என் மனதின் ஒரு மூலையில், ஒருவேளை நிஜமாகவே பார்க்காமல் இருந்திருப்பாரோ என்று ஒன்று இருந்தது. இனி அது இல்லை.

ஒன்பதாவது பெட்டியை நீக்கிவிடுங்கள். பதிவையும் அண்ணன் பெயருக்கே மாற்றித் தந்துவிடுகிறேன். வேலை முடிந்ததும் ஜெஸ்லின் பார்த்துக்கொள்ளட்டும். உங்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, மதினி. ஆனால் இனிமேல் எழுத வேண்டாம்.

ஹரி

*

சிவகாசி
25 ஜூலை 2025, வெள்ளி

ஹரி,

இதைக் காகிதத்தில் எழுதி சங்கையா கையில் கொடுத்துவிடுகிறேன். மெயிலில் எழுதினால் பாதியில் அழித்துவிடுவேன். காகிதத்தில் அடித்தால் அடித்தது தெரியும்.

உன் அண்ணன் பொய் சொல்லவில்லை. அந்த மெயிலைத் திறந்தது நான்.

நீயும் நானும் ஒரே ஆபீஸில் உட்கார்ந்து பதினோரு வருஷம் வேலை பார்த்தோம். அவர் பெட்டியை அவர் ஒரு நாளும் திறந்ததில்லை, நான்தான் திறப்பேன் என்பது உனக்குத் தெரியாதா? தெரிந்தும் என்னைச் சந்தேகப்பட உனக்குத் தோன்றவில்லை. போன வாரத்து மெயிலில் 'உங்கள் மேசையைத் தாண்டி ஒரு காகிதம் தொலைந்ததில்லை' என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை.

அன்று காலை பத்து மணி இருக்கும். உள்ளே ஆல்பத்துக்குப் பூஜை நடக்கிறது, உன் அண்ணன் சூடத்தட்டோடு நிற்கிறார், நீ மணி அடிக்கிறாய். நான் வெளியே ஆபீஸில் மெயில்களைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தேன். உன் பெயரைப் பார்த்துச் சிரித்தேன், பக்கத்து அறையில் இருந்துகொண்டு மெயில் அனுப்பியிருக்கிறானே என்று. பிரிண்டும் எடுத்தேன். காகிதம் சூடாக இருக்கும்போதே படித்தேன்.

நல்ல நாளும் அதுவுமாக இதைக் கொடுக்க வேண்டாம் என்றுதான் முதலில் இழுப்பறையில் வைத்தேன். வியாழக்கிழமை கொடுக்கலாம் என்றால் பார்ட்டிகள் வந்து குவிந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கொடுக்காதது வேண்டுமென்றேதான். உன் அண்ணன் கோபம் எனக்குத் தெரியும். படித்த வேகத்தில் "போறவன் போகட்டும்" என்று சொல்லிவிடுவார், சொன்ன சொல்லை மாற்றவும் மாட்டார். பதில் வரவில்லை என்றால் நீ காத்திருப்பாய் என்று நினைத்தேன். அண்ணனைக் கேட்காமல் நீ ஒரு செருப்புக்கூட மாற்றியதில்லையே. வெள்ளிக்கிழமை என்று எழுதியிருந்தாலும் நீ போக மாட்டாய் என்று நம்பினேன்.

சனிக்கிழமை அடுக்களையில் வந்து, "போய்ட்டு வாரேன் மைனி" என்றாய். "சாயங்காலம் வந்துருவேல்ல?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், உன் கையில் பை இருந்ததைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன்னோடு போனில் கத்திவிட்டு, என்னிடம் வந்து, "அவங்கிட்டருந்து மெயில் ஏதும் வந்துச்சாட்டி?" என்று கேட்டார். "வரலைங்க" என்றேன். பயத்தில் அந்தச் சொல் தானாக வாயிலிருந்து வந்துவிட்டது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மூன்று வருஷமாக முடியவில்லை. இரண்டு தடவை அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்று, சொட்டு நீலம் வாங்கணும் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன்.

உண்மையைச் சொன்னால், நான் அதை மறைத்தது உங்கள் இரண்டு பேருக்காக மட்டும் இல்லை. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீ ஆறாம் வகுப்பு. இந்தக் கம்ப்யூட்டரில் எனக்கு எழுத்து அடிக்கச் சொல்லிக்கொடுத்ததே நீதான். உன் அண்ணன் வேலையில் இறங்கினால் நாள் முழுவதும் நாலு வார்த்தை பேசுவார். நீ போய்விட்டால் அந்த ஆபீஸில் எனக்குப் பேச ஆள் யார் என்று என்னைப் பற்றியும் நினைத்தேன்.

அதனால்தான் பழசு வேண்டாம், பழசு வேண்டாம் என்று உன்னிடம் கெஞ்சினேன். அவர் போனில் அது தெரிந்துவிடும் என்று பயந்தேன். நேற்று உன் மெயிலைப் படித்த பிறகு அந்தப் பயம் இல்லை. செய்யாத தப்புக்கு அவர் பொய்யன் ஆனதுதான் தாங்கவில்லை. என்மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு. அவர்மேல் படாதே.

யோகேஸ்வரி

*

விருதுநகர்
30 ஜூலை 2025

மதினிக்கு,

கோபம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். முதல் தடவை படித்ததும் காகிதத்தை மேசையில் வைத்து, பேப்பர்வெயிட்டை மேலே வைத்துவிட்டு, கீழே போய் இரண்டு டீ குடித்தேன். மூன்று தீபாவளிக்கு நான் இங்கே தனியாக மாடியில் உட்கார்ந்திருந்தேன். சிவகாசிக்காரன் ஒரு சரம்கூட வெடிக்காமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். கமிஷன் கடைக்காரர், "என்ன தம்பி, வீட்டுக்குப் போகலையா" என்று மூன்று வருடமும் கேட்டார்.

அதற்கெல்லாம் காரணம் அண்ணன் என்று நினைத்திருந்தேன். இப்போது நீங்கள் என்று தெரிந்தது. நாலு நாள் யோசித்ததில், நானும்தான் என்று தெரிகிறது. பக்கத்து அறையில் இருந்த மனுஷனுக்கு எதற்கு மெயில்? அடுத்த பஸ் பிடித்தால் முக்கால் மணி நேரத்தில் சிவகாசி. "அண்ணே, நிஜமாவே பார்க்கலையா" என்று முகத்தைப் பார்த்துக் கேட்க ஒரு நாள் வந்திருக்கலாம். மூன்று வருடமாக, பாதி வழியிலிருக்கும் ஆமத்தூரைக்கூடத் தாண்டாமல் ரோஷத்தைக் கட்டிக்கொண்டு இருந்தது நான்தான்.

இப்போது ஒரு விஷயம். அந்த மெயில் நகலெடுத்த பெட்டியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குள் ஒரு வார்த்தை சொன்னீர்கள் என்றால் அதை மட்டும் நீக்கிவிடுகிறேன். பழைய கம்பெனி ஐந்தாம் தேதி மூடியதும் அங்கேயும் இருக்காது. அண்ணனுக்குத் தெரியவே தெரியாது. அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது, எனக்கு வேண்டியது அவ்வளவுதான். நான் வந்து, மெயில் அனுப்பியதாகப் பொய் சொன்னேன், மன்னித்துவிடுங்கள் என்று சொல்லிவிடுகிறேன். தம்பி பொய் சொன்னான் என்றால் இரண்டு நாள் திட்டுவார். பெண்டாட்டி மறைத்தாள் என்றால் அவருக்குத் தாங்காது.

நான் நிஜமாகத்தான் சொல்கிறேன். பெருந்தன்மை எல்லாம் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளிக்கூடத்துக்கு நீங்கள்தான் லீவு லெட்டர் எழுதிக் கொடுப்பீர்கள். அண்ணன் கையெழுத்தையும் நீங்களே போடுவீர்கள். அப்போதே நீங்கள் இந்தத் தொழிலில் கைதேர்ந்தவர்தான்.

பதில் சொல்லுங்கள். பதில் வரவில்லை என்றால் நானாக ஒன்றை நினைத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன் என்று உங்களுக்குத் தெரியுமே.

ஒன்பதாவது பெட்டியை நீக்க வேண்டாம்.

ஹரி

*

சிவகாசி
4 ஆகஸ்டு 2025, திங்கள்

அன்புள்ள தம்பி ஹரிக்கு,

முதலில் வேலை. மெயில் எல்லாம் புது இடத்துக்கு ஒழுங்காக வருகிறது. இன்று காலை ஒன்பது பத்துக்கு முதல் ஆர்டர் வந்தது, அருப்புக்கோட்டை ஜவுளிக்கடை, ஆயிரம் டெய்லி காலண்டர். ஜெஸ்லின் கைதட்டினாள்.

நீ கேட்டதற்கு சனிக்கிழமை "எதையும் நீக்காதே" என்று இரண்டே சொல்லில் பதில் போட்டேன். அதற்குமேல் எழுதினால் மனம் மாறிவிடும் என்று பயமாக இருந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து உனக்கு நான் பொய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதற்குப் பதிலாக எனக்காக நீ பொய் சொல்ல வருகிறாய். உன் மனசு எனக்குப் போதும். உன் பொய் வேண்டாம்.

நேற்றுப் பூஜை முடிந்தது. உன் அண்ணன் போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஜெஸ்லினை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். பத்தே காலுக்கு ஆபீஸில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"ரெண்டாயிரத்து இருபத்திரண்டு, ஆகஸ்டு மூணாம் தேதிக்குப் போங்க" என்றேன்.

"அங்கன என்ன இருக்கு?"

"போய்த்தான் பாருங்களேன்."

தள்ளித் தள்ளிப் போய் உன் பெயரைப் பார்த்ததும் விரல் நின்றுவிட்டது. பிறகு இரண்டு விரலால் எழுத்தைப் பெரிதாக்கி, ஒரு வரி, ஒரு வரியாகப் படித்தார். கறுப்புக் கண்ணாடிக்கு உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

"இது எப்ப வந்துச்சு?"

"அன்னைக்கேதான் வந்துச்சு. நாந்தான் பிரிச்சேன். நாந்தான் உங்ககிட்ட குடுக்கல. நீங்க கேட்டப்போ வரலைன்னு சொன்னதும் பொய்" என்றேன். நின்றுகொண்டேதான் சொன்னேன்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. எழுந்து போய், ஓடாத மிஷின் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றார். திரும்பி வந்து, "ஏன் குடுக்கல?" என்றார். "நீங்க போகச் சொல்லிருவீகன்னு பயந்துட்டேன்" என்றேன். அதற்கு அவர் சொன்னதைக் கேள். "நானாட்டி? அவனையா?" என்றார். அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபத்தைந்து வருஷம் கூட இருந்தும் அந்த மனுஷனை நான் தப்பாகப் படித்திருக்கிறேன் ஹரி. நான் கொடுத்திருந்தால் நீ போயிருக்கவே மாட்டாய்.

ஒரு வாரத்துக்கு என் கையால் காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இந்தத் தண்டனை எனக்குக் குறைவுதான் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு, "காப்பி போடலியா" என்று அடுக்களையில் வந்து நின்றார். கோபம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. ராத்திரி சாப்பிடும்போது, "மூணு வருசம்" என்று தனக்குத்தானே சொன்னார். அதை இன்னும் பல நாள் சொல்வார். நான் கேட்டுக்கொள்வேன்.

ஆனால் அரை மணி நேரம் கழித்துக் கேட்ட இரண்டாவது கேள்வி, "அந்தக் காகிதம் எங்க?" என்பதுதான். போனில் படித்தால் படித்த மாதிரி இல்லையாம். இழுப்பறையின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மூன்று வருஷத்தில் ஓரம் பழுத்திருக்கிறது. சிவப்புப் பேனாவை எடுத்தார். வழக்கமாக 'பார்த்தேன்' என்று மூலையில் எழுதிவிட்டுத் தள்ளிவிடுவார். நேற்று அதற்கு மேலும் எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை மூடாமலே வைத்திருந்தார்.

அந்தக் காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். உன் கடைசி வரி, 'வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் அண்ணே, போக மாட்டேன்.' அதற்குக் கீழே அவர் எழுதியிருப்பது:

'பார்த்தேன். வேண்டாம். போகாதே. – கா. 3.8.2025.'

உன் வேலையை விட்டுவிட்டு வா என்று அவர் சொல்லவில்லை. "அவன் ஆபீஸ் அங்கனயே இருக்கட்டும், பஸ்ஸா இல்ல, தெனமும் போய்ட்டு வரட்டும்" என்கிறார். அதை நீங்கள் இரண்டு பேரும் நேரில் பேசிக்கொள்ளுங்கள். இனிமேல் நடுவில் என் இழுப்பறை வேண்டாம்.

இதைக் கொண்டுவரும் சங்கையா லேபிள் லோடை இறக்கிவிட்டு நாலு மணிவரை உன் ஜன்னலுக்குக் கீழே நிற்பார். இன்றைக்குத் திரும்பும்போது ஏற்ற அங்கே ஒரு சரக்கும் சொல்லிவைக்கவில்லை. காலையில் உன் அண்ணனே வேன்வரை வந்து, கதவைத் தட்டி அவரிடம் சொன்னதை என் காதால் கேட்டேன்.

"சங்கையா, திரும்பி வரையில வண்டி காலியா வரக் கூடாது, கேட்டியா."

மதினி